முந்திப் போகக் கூடாத படம்

“எனக்கு மட்டும் ஐசி படத்தப் போட்டீங்கன்னா, பெட்டிய விட்டு எறங்கி நடந்தே வீட்டுக்கு வந்துருவேன். இப்பவே சொல்லிட்டேன்.”

திகாம் பத்துவில் அக்காள் ஃபெலிசியாவை அடக்கம் செய்துவிட்டுத் திரும்பும் வழியில் செலஸ்டின் சொன்ன வார்த்தை இது. காடியை ஓட்டிக்கொண்டிருந்த புருஷன் மோரிஸ், சாலையிலிருந்து கண்ணை எடுக்காமல் பதில் சொன்னார்.

“அவசரத்துல வேற படம் கெடைச்சிருக்காது.”

“என்னா அவசரம்? மாசக்கணக்கா படுத்துக் கெடந்தா. அப்பல்லாம் ஒருத்தருக்கும் படம் ஞாபகம் வரல. அடையாள அட்டைல இருந்தத இழுத்துப் பெருசாக்கி, தாமான் குடியிருப்பு மொனையில பேனரு கட்டி வச்சிருக்காங்க. எங்கக்கா மொகமா அது? போலீசு தேடுற ஆளு மாதிரி முழிச்சுக்கிட்டு நிக்கிறா.”

மோரிஸ் சிரிப்பை அடக்கப் பார்த்தார். முடியவில்லை.

“சிரிங்க. உங்க தம்பிக்கும் அப்படித்தான போட்டாங்க.”

“அவன் நெசமாவே அப்படித்தான் இருந்தான்.”

அன்றிலிருந்து செலஸ்டின் ஒரு நல்ல நேரத்துக்காகக் காத்திருந்தாள். பெண்டாங்கில் அவள் அண்ணன் மகள் கல்யாணத்தில் அது வந்தது. கத்தரிப்பூ நிறப் பட்டு, தலையில் பூ, அலங்காரம் செய்ய வந்த பெண் கூடவே இவளுக்கும் கொஞ்சம் பூசிவிட்ட பவுடர். பூசை முடிந்து எல்லாரும் சாப்பாட்டுக்கு ஓடிய நேரத்தில், ஃபெலிசியாவின் மகன் மார்க்கஸைக் கையைப் பிடித்து மாதா சிலை நிற்கும் கெபிக்குப் பக்கத்தில் இழுத்துக்கொண்டு போனாள். மோரிஸின் போனை அவன் கையில் கொடுத்தாள்.

“சின்னம்மா, கொஞ்சம் சிரிங்க.”

“சிரிக்கக் கூடாதுடா. இது வேற மாதிரிப் படம்.”

“வேற மாதிரின்னா?”

“நா போனப்புறம் போடுற படம். உங்கம்மாவுக்குப் போட்ட மாதிரி போட்டுறாதீங்கன்னுதான்.”

மார்க்கஸ் கையிலிருந்து போன் நழுவப் பார்த்தது. அவனுக்கு வேறு வழியும் இல்லை. எடுத்தான். எடுத்துவிட்டு இன்னும் இரண்டு தடவை அமுக்கினான்.

“ஏன்டா டக்கு டக்குன்னு அமுக்கிக்கிட்டே இருக்க? ஒன்னு போதும்.”

முதலில் எடுத்தது அவள் நினைத்த மாதிரியே இருந்தது. நேர்ப் பார்வை, மூடிய வாய், தோளில் படிந்த முந்தானை.

“சின்னம்மா, நா என் போனுக்கு அனுப்பி வச்சுக்கவா?”

“வேணாம். ஒருத்தருக்கும் அனுப்பக் கூடாது. உயிரோட இருக்கறப்ப இந்தப் படம் ஊரு சுத்தக் கூடாது. படம் முன்னால கெளம்பிருச்சுன்னா நம்மளையும் பின்னால கூப்புடும்னு எங்கம்மா சொல்லும்.”

அதனால் அது மோரிஸின் பழைய போனில், அந்த மெமரி கார்டில் மட்டும் இருந்தது. “ஒரு தாளுல போட்டு வாங்கி, சட்டம் போட்டு, துணிக்கு அடியில வைங்க” என்று அவளும் சொல்லிக்கொண்டே இருந்தாள். “நாளைக்கு லா” என்று மோரிஸும் சொல்லிக்கொண்டே இருந்தார்.

அந்த வருஷக் கடைசியில் செலஸ்டினுக்கு மாடிப்படி ஏறினால் மூச்சு வாங்க ஆரம்பித்தது. பிறகு முற்றத்தில் நடந்தாலே வாங்கியது. கால் வீங்கியது, முகமும் ஊதியது. பினாங்குப் பெரிய ஆஸ்பத்திரியில் பார்த்து, இருதயத்தில் ஒப்ரேஷன் என்றார்கள். ஒரு தடவை காய்ச்சல் வந்து தேதி தள்ளிப் போனது. “இந்தத் தேதிய விட்டுறாதீங்க, அடுத்தது வர்ற வரைக்கும் தாங்காது” என்று டாக்டர், செலஸ்டினின் மகள் ஏமியிடம் தனியாகச் சொன்னார். ஏமி அதை அப்பாவிடம் சொன்னாள். செலஸ்டின் கதவுக்குப் பின்னால் நின்று கேட்டுக்கொண்டாள்.

வியாழக்கிழமை ஆஸ்பத்திரியில் போய்ப் படுக்க வேண்டும். செவ்வாய்க்கிழமை காலையில் பசியாறிக்கொண்டிருக்கும்போது அவள் கேட்டாள்.

“அந்தப் படத்த எடுங்க. போறதுக்கு முன்னால ஒரு தடவ பாத்துட்டு, ஏமிகிட்ட குடுத்துட்டுப் போறேன்.”

மோரிஸ் கோப்பியை வாய்க்குக் கொண்டுபோனவர் அப்படியே நிறுத்தினார்.

“என்னா?”

“ஒன்னும் இல்ல.”

“ஒன்னும் இல்லாத மொகமா இது?”

ஏமி அவருக்குப் போன வாரம் புதுப் போன் வாங்கிக் கொடுத்திருந்தாள். பழைய போனின் கார்டை எடுத்துப் புதிதில் போட்டார். போன் மலாயில் என்னவோ கேட்டது. சரி என்று அமுக்கினார். சுத்தமாகத் துடைத்து வைத்தாற்போலக் கார்டு காலியாகிவிட்டது. அதைச் சொல்லப் பயந்து ஒரு வாரமாக வாயைத் திறக்காதவர், இப்போது எல்லாவற்றையும் சொன்னார்.

செலஸ்டின் கத்தவில்லை. அதுதான் மோரிஸுக்கு அதிகப் பயமாக இருந்தது. ரொட்டியைத் தட்டில் வைத்தாள், கையைத் துடைத்தாள்.

“அப்ப நா வியாழக்கெழம போவல.”

“அம்மா!” என்று ஏமி எழுந்தாள். “இப்பவே வேற படம் எடுக்கறேன். அந்தப் பட்டையே கட்டிக்குங்க.”

“இந்த மொகத்தோடயா? ஆஸ்பத்திரி மொகம். பாத்தா அழுவுறவங்க கூட அழ மாட்டாங்க. அந்தப் படம் இருந்தாத்தான் நா தெகிரியமா போய்ப் படுப்பேன். வந்தா வரேன், வராட்டியும் என் மொகத்தோட போறேன். இல்லன்னா விடு, இங்கயே இருக்கேன்.”

ஏமி அழுதாள், கெஞ்சினாள், டாக்டர் சொன்னதையும் சொல்லிவிட்டாள். “அதெல்லாம் எனக்குத் தெரியும்” என்றாள் செலஸ்டின். மோரிஸ் காடிச் சாவியை எடுத்தார்.

“கெளம்பு. கலைமகள் கடைக்குப் போவோம்.”

பாடாங் செராய் பெரிய சாலையில் சீனிவாசகத்தின் மளிகைக் கடை இருக்கிறது. அதில் பாதியைத் தடுத்து அவர் மகள் கலைமகள் போன் கடை வைத்திருக்கிறாள். இந்தப் பக்கம் நெத்திலி மூட்டை, அந்தப் பக்கம் போன் உறை. வாங்கும் எல்லாவற்றிலும் கொஞ்சம் கருவாட்டு வாசம் இருக்கும்.

“வா தங்கச்சி” என்று சீனிவாசகம் கல்லாவிலிருந்து எழுந்து நாற்காலி எடுத்துப் போட்டார். “நாளன்னிக்கு ஆஸ்பத்திரிக்குப் போறியாமே? இந்த நேரத்துல ஏன் அலையிற?”

“இவரக் கேளுங்கண்ணே.”

மோரிஸ் நடந்ததைச் சொல்லி, கார்டைக் கலைமகளின் மேசையில் வைத்தார். நகத்தளவு கறுப்புத் துண்டு. கையில் எடுக்காமல் அவள் முதலில் கேள்வி கேட்டாள்.

“அங்கிள், காலியானப்புறம் இதுல என்ன பண்ணீங்க? மறைக்காம சொல்லுங்க.”

“ஒன்னுமே பண்ணல.”

“புதுசா படம் எடுத்தீங்களா?”

“இல்ல.”

“வேற ஏதாச்சும் போட்டீங்களா?”

மோரிஸ் நெத்திலி மூட்டையைப் பார்த்தார். “பாட்டு போட்டேன்.”

“என்னா பாட்டு?” என்றாள் செலஸ்டின்.

“மாதா பாட்டு, ஜெபமால. ஆஸ்பத்திரில நீ கேக்கறதுக்கு. நம்ம கோயில் டெனிஸ்கிட்ட வாங்கி ஒரு நாப்பது அம்பது போட்டேன்.”

“நா கேட்டனா உங்களப் பாட்டு?”

“ஆண்ட்டி, டென்ஷன் ஆவாதீங்க, நெஞ்சுக்கு ஆவாது.” கலைமகள் கார்டை எடுத்துக் கணினியில் மாட்டினாள். “கேளுங்க. படம் இன்னும் உள்ளதான் இருக்கும். எது எங்க இருக்குன்னு காட்டுற அடையாளம் மட்டும்தான் போயிருக்கு. ஆனா அது மேல வேற ஏதாச்சும் வந்து உக்காந்துச்சுன்னா, அந்த எடத்துல இருந்தது போயிரும். அங்கிள் பாட்ட எங்க உக்கார வச்சிருக்காருன்னு தேடித்தான் பாக்கணும்.”

“மாதா எம் மொகத்து மேலயா உக்காந்திருப்பா?”

“உக்கார மாட்டா தங்கச்சி” என்றார் சீனிவாசகம். “எடம் பாத்துத்தான் உக்காருவா.”

முதலில் கலைமகள் கார்டில் உள்ளதை அப்படியே கணினிக்குள் ஒரு நகல் எடுத்தாள். “தேடறத நகல்ல தேடுவோம். கார்ட இனிமே தொடக் கூடாது” என்றாள். நீளமாக ஒரு கோடு திரையில் நகர்ந்தது. சீனிவாசகம் நாலு பேருக்கும் தேத்தண்ணீர் வரவழைத்தார். செலஸ்டினுக்குச் சீனி இல்லாமல்.

பிறகு படங்கள் ஒவ்வொன்றாக வர ஆரம்பித்தன.

முதலில் டுரியான். இன்னொரு டுரியான். அதே டுரியான், பிளந்தது.

“இதத்தான் எடுத்துக்கிட்டு இருந்தீங்களா?”

“நல்ல பழம் அது.”

அதற்கப்புறம் பூ வைத்த ‘இனிய காலை வணக்கம்’. வரிசையாக வந்துகொண்டே இருந்தன. காடியின் சக்கரம். பக்கத்து வீட்டுப் பூனை. இயேசுவின் படத்தோடு இன்னும் கொஞ்சம் காலை வணக்கம்.

“அங்கிள், ஊருல உள்ள எல்லாக் காலை வணக்கத்தையும் நீங்கதான் சேத்து வச்சிருக்கீங்க போல.”

“டெனிஸ் அனுப்புவான். அழிச்சா மனசு கஷ்டப்படுவான்.”

“அவருக்கு எப்படித் தெரியும்?”

மோரிஸ் அதை யோசித்ததில்லை.

அடுத்து வந்தது டுரியானும் இல்லை, வணக்கமும் இல்லை. கோயில் பெஞ்சில் செலஸ்டின் தூங்கிக்கொண்டிருந்தாள், வாய் லேசாகத் திறந்து. அடுத்ததில் கோழிக்கு அரிசி போடக் குனிந்திருந்தாள். அடுத்ததில் பாசாரில் மீன்காரனோடு கையை நீட்டிப் பேசிக்கொண்டிருந்தாள். ஒன்றிலும் அவளுக்கு எடுத்தது தெரியாது.

“இதெல்லாம் எப்ப எடுத்தீங்க?”

“அப்பப்ப.”

“சாமி பிரசங்கம் வைக்கிறப்பவா எடுத்தீங்க?”

“பிரசங்கம் கொஞ்சம் நீளமா போச்சு.”

செலஸ்டின் தேத்தண்ணீரைக் குடித்தாள். அந்த நாற்காலியில் உட்கார்ந்த பிறகு அவள் மூச்சு முதல்முறையாகச் சீராக இருந்ததை மோரிஸ் கவனித்தார்.

“பெண்டாங் கல்யாணம்!” என்றாள் கலைமகள்.

பந்தல், சாப்பாட்டு மேசை, பொண்ணு மாப்பிள்ளை. பிறகு கத்தரிப்பூ நிறம் இல்லாத ஒரு படம் வந்தது. மேலே பூ வைத்த தலை, நெற்றி, கண், மூக்கு. மூக்குக்குக் கீழே முழுக்கச் சாம்பல் நிறம், சுவர் மாதிரி.

“இதான்” என்றாள் செலஸ்டின் மெல்ல. “இதான் அந்தப் படம். என் வாய் எங்க?”

“பாட்டு வந்து உக்காந்துருச்சு ஆண்ட்டி.”

மோரிஸ் இரண்டு கையாலும் தலையைப் பிடித்துக்கொண்டார். “நா பாட்டே போட்டிருக்கக் கூடாது.”

“இதத் திருப்ப முடியாதா கலை?” என்றாள் செலஸ்டின்.

“போன பாதி போனதுதான். ஆனா இருங்க. இது ஒரு தடவ எடுத்ததா? கூட எடுத்தீங்களா?”

செலஸ்டின் நிமிர்ந்தாள். “மார்க்கஸு! டக்கு டக்குன்னு அமுக்குனான். நாந்தான் திட்டுனேன்.”

இரண்டாவது படம் வந்தது, கண் மூடியிருந்தது. “ஐயோ” என்றார் சீனிவாசகம். அதைச் சொன்னதற்காக மகளின் பார்வையை வாங்கிக்கொண்டார்.

மூன்றாவது மேலிருந்து கீழே மெல்ல இறங்கியது. பூ. நெற்றி. கண் திறந்திருக்கிறது. மூக்கு. எல்லாரும் மூக்கைப் பார்த்துக்கொண்டே இருந்தார்கள். வாய் வந்தது. கழுத்து வந்தது. கத்தரிப்பூ நிறப் பட்டு முழுசாக, சரிகையோடு வந்தது.

“வந்துருச்சு!” என்று கலைமகள் மேசையைத் தட்டினாள். நெத்திலி வாங்க வந்த பெண் திரும்பிப் பார்த்தாள்.

செலஸ்டின் நாற்காலியை முன்னால் நகர்த்தினாள். வெகு நேரம் பார்த்தாள்.

“வாயத் தொறந்திருக்கேன்.”

“கொஞ்சம்தான்.”

“மார்க்கஸத் திட்டறேன் இதுல. ‘ஏன்டா’ன்னு சொல்லிக்கிட்டு இருக்கேன். இதப் போய் எப்படிப் போடறது?”

“செலஸ்டின்” என்றார் மோரிஸ். “எனக்கு இந்தப் படந்தான் நீ. வாய மூடிக்கிட்டு நின்னுச்சே, அது யாரோ.”

“தெனம் திட்டு வாங்குறவருக்குத் தெரியாதா தங்கச்சி?” என்றார் சீனிவாசகம்.

அவள் இன்னும் கொஞ்சம் பார்த்தாள். முந்தானை சரியாக இருந்தது. பூ சரியாக இருந்தது.

“சரி. வியாழக்கெழம போறேன்.”

மோரிஸ் எழுந்து கடைக்கு வெளியே போய் நின்றார். வெயிலில் நின்று முகத்தைத் துடைத்துக்கொண்டு திரும்பி வந்தார். அதை யாரும் பார்க்காத மாதிரி இருந்துவிட்டார்கள்.

ஆனால் விஷயம் அதோடு முடியவில்லை.

“ஆண்ட்டி, இத நாலு எடத்துல வைக்கணும். ஒரே எடத்துல வச்சதுனாலதான் இவ்வளவு பாடு.”

“வேணாம். ஊரு சுத்தக் கூடாது.”

“சுத்த விடல. அங்கிள் போன்ல ஒன்னு, ஏமி போன்ல ஒன்னு, ஒரு பென்டிரைவ்ல ஒன்னு. அப்புறம் இன்டர்நெட்ல, ஏமி பேர்ல பூட்டி வைக்கிறது ஒன்னு.”

“இன்டர்நெட்டுன்னா யாரு வீடு அது?”

“யாரு வீடும் இல்ல ஆண்ட்டி. பெட்டகம் மாதிரி. சாவி ஏமிகிட்ட இருக்கும்.”

“எங்கம்மா சொன்னது?”

கலைமகள் அப்பாவைப் பார்த்தாள். சீனிவாசகம்தான் பேசினார்.

“தங்கச்சி, உங்கம்மா சொன்னது ஊரு சுத்தறதப் பத்தி. இது வீட்டுக்குள்ளதான இருக்கு. மக போனும் வீடுதான், புருஷன் போனும் வீடுதான்.”

“பென்டிரைவு?”

“மாதா சுரூபத்துக்குப் பின்னால வைப்போம்” என்றார் மோரிஸ்.

இதை மறுத்துப் பேச செலஸ்டினுக்கு வழி இல்லை. நாலு இடத்துக்கும் படம் போனது. கூடவே, கேட்காமலே, கோழிப் படமும் மீன்காரன் படமும் போயின. தாளில் போட்ட ஒன்றை உறையில் வைத்துக் கலைமகள் கொடுத்தாள்.

“யாரும் கேக்காம எடுக்கக் கூடாது” என்று எல்லாரையும் பார்த்துப் பொதுவாகச் சொல்லிவிட்டு, செலஸ்டின் அதைக் கைப்பையில் வைத்துக்கொண்டாள்.

ஒப்ரேஷன் வெள்ளிக்கிழமை. செலஸ்டின் கண் திறந்தபோது எந்தக் கிழமை என்று தெரியவில்லை. நெஞ்சில் பாரம். தொண்டையில் வறட்சி. ஆனால் மூச்சு வந்தது, போனது. நர்ஸ் மிசி ஒரு தலையணையைக் கொடுத்து, “இருமல் வந்தா இத நெஞ்சோட கட்டிப் புடிச்சுக்குங்க அம்மா, தையல் வலிக்காது” என்றாள்.

சாதாரண வார்டுக்கு மாற்றிய அன்று மோரிஸும் ஏமியும் வந்தார்கள். ஏமி வாயை மூடிக்கொண்டு சிரித்தாள். மோரிஸ் போனைப் பின்னால் மறைத்துக்கொண்டு நின்றார்.

“என்னா மறைக்கிறீங்க?”

“ஒன்னும் இல்ல.”

“மறுபடியுமா?”

“நீயே சொல்லு ஏமி.”

“நீங்கதான பண்ணீங்க, நீங்களே சொல்லுங்க.”

மோரிஸ் கட்டிலின் கம்பியைப் பிடித்துக்கொண்டார். “நீ உள்ள போனப்புறம் என்னால உக்கார முடியல. எல்லாரும் வேண்டிக்கிட்டா நல்லதுன்னு கோயில் வாட்சாப் குழுவுல எழுதுனேன். நம்ம சபையில இன்னும் ரெண்டு செலஸ்டின் இருக்கு பாரு, யாருன்னு தெரியணுமேன்னு படத்தையும் போட்டேன்.”

“எந்தப் படத்த?”

அவர் போனை இன்னும் பின்னால் தள்ளினார்.

“அந்தப் படத்தையா?”

“படம் போயிருச்சு. ‘செலஸ்டினுக்காக வேண்டிக்குங்க’ன்னு எழுதுனது போவல. எழுதி வச்சுட்டு அனுப்ப மறந்துட்டேன். போன அணைச்சுப் பையில வச்சுட்டு ஜெபமால சொல்ல ஆரம்பிச்சுட்டேன்.”

ஏமியால் அடக்க முடியவில்லை. “பட்டு, பூவு, நேர்ப் பார்வை. பாத்தவங்க என்னாம்மா நெனப்பாங்க? டெனிஸ் அங்கிள் திகாம் பத்துலேருந்து சாவுக் கூடாரம் வரச் சொல்லிட்டாரு. கூடாரக்காரங்களும் வந்து நம்ம வாசல்ல போட்டுட்டாங்க. சீனிவாசகம் மாமா கடைய மூடிட்டு மாலையோட வந்து நின்னாராம். கலைமகள் எனக்கு அழுதுக்கிட்டே போன் பண்ணா. அப்பத்தான் எங்களுக்கே தெரியும். நா உடனே எல்லாருக்கும் எழுதிட்டேன், இருந்தாலும் பாதிப் பேரு நம்பல.”

செலஸ்டின் முகம் இறுகியது. மோரிஸ் ஒரு அடி பின்னால் போனார்.

“ஊரு பூரா சுத்திருச்சா?”

“சுங்கை பட்டாணி வரைக்கும் போயிருச்சு.”

செலஸ்டின் தன் கையைப் பார்த்தாள். ஊசி குத்திய கை, வீக்கம் வற்றிய விரல். மூச்சை ஒரு தடவை இழுத்துப் பார்த்தாள். அது பாட்டுக்கு வந்தது.

“அப்ப ஒன்னும் கூப்புடலயே என்னய.”

“என்னா?”

“எங்கம்மா சொன்னது. விடுங்க. என்னா எழுதியிருக்காங்க, படிங்க.”

மோரிஸ் நம்பாமல் அவளைப் பார்த்தார். பிறகு கண்ணாடியைப் போட்டுக்கொண்டு படித்தார். ‘ஆழ்ந்த இரங்கல்.’ ‘நித்திய இளைப்பாற்றியை அளித்தருளும்.’ ‘நல்ல மனுஷி, நல்லா சமைப்பாங்க.’ ‘கணக்கா வந்து கோயில் கூட்டுவாங்க.’

“படத்தப் பத்தி யாரும் ஒன்னும் சொல்லலயா?”

“சொல்லியிருக்காங்க. பாப்பம்மா எழுதியிருக்கு. ‘என்னா லட்சணமான படம். அப்படியே நம்மள ஏதோ திட்ட வர்ற மாதிரியே இருக்கு.’ அதுக்குக் கீழ இருவது பேரு ஆமாம்னு போட்டிருக்காங்க.”

செலஸ்டினுக்குச் சிரிப்பு வந்தது. தலையணையை எடுத்து நெஞ்சோடு கட்டிப் பிடித்துக்கொண்டாள். அப்படியும் வலித்தது, சிரிப்பு நிற்கவில்லை. பக்கத்துக் கட்டில் மலாய்க்கார அம்மாவும் என்ன ஏது என்று தெரியாமல் சேர்ந்து சிரித்தாள்.

“போனக் கிட்ட கொண்டாங்க. பேசி அனுப்புறது எது? அத அமுக்குங்க.”

மோரிஸ் அமுக்கிப் பிடித்தார்.

“நாந்தான் செலஸ்டின் பேசறேன். டெனிசு, கூடாரத்தப் பிரிச்சுச் சொன்ன எடத்துலயே குடுத்துரு. சீனிவாசகண்ணே, அந்த மாலைய வீணாக்காம உங்க கடை சாமிக்குப் போட்டுருங்க, அவரு கோவிச்சுக்க மாட்டாரு. எல்லாருக்கும் நன்றி. நா வந்து கூட்டுறேன், கோயில யாரும் குப்பையா போட்டு வைக்காதீங்க.” கொஞ்சம் மூச்சு வாங்கிக்கொண்டாள். “அப்புறம், அந்தப் படத்த மட்டும் ஒருத்தரும் அழிச்சுறாதீங்க. அவங்கவங்க போன்லயே பத்தரமா இருக்கட்டும்.”